இரண்டு முறை இழுத்தால்

தீயணைப்புக்காரன் கிணற்றுக்குப் பயப்படுகிறான் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாமக்கல் பக்கம் எங்களுக்குத் தீயைவிடக் கிணற்றுக்குத்தான் அழைப்பு அதிகம். மாடு விழும், மயில் விழும், கோபத்தில் மனுசனும் விழுவான். இறங்கி ஏறி என் நடுமுதுகு எப்போதோ தேய்ந்துவிட்டது. வலிக்குத் தைலம் உண்டு. பயத்துக்கு எதைத் தேய்ப்பது என்றுதான் தெரியவில்லை.

போன கோடையில், நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தில்தான் அது என்னைப் பிடித்தது. தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால் டீசல் இன்ஜினையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, பாதி ஆழத்தில் இருந்த பாறைத் திட்டில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். புகை மேலே வர வழியில்லை. இன்ஜினைப் பார்க்க இறங்கிய தோட்டக்காரர் அங்கேயே மயங்கிக் கிடந்தார். "சாமி, எப்படியாச்சும் மேல கொண்டாந்துருங்க," என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதுகில் காற்று உருளை, முகத்தில் மூடி, இடுப்பில் கயிறு. உள்ளே போய்விட்டால் கயிறுதான் எங்கள் பேச்சு. ஒருமுறை இழுத்தால் நில், இரண்டு முறை இழுத்தால் தூக்கு. தோட்டக்காரரை வேறொரு கயிற்றில் கட்டி முதலில் மேலே அனுப்பினேன். அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு என் கயிற்றை இரண்டு முறை இழுத்தேன். அசைவில்லை. மேலே எங்கோ பாறை இடுக்கில் சிக்கியிருந்தது. மறுபடி இழுத்தேன். காற்று தீரப்போகிறது என்று உருளையின் விசில் கூவ ஆரம்பித்தது. செத்தேன் என்றே நினைத்தேன். குலசாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

மேலே கயிறு பிடித்திருந்த எங்கள் நிலையத்துத் தம்பி விசிலைக் கேட்டு எட்டிப் பார்த்துக் கயிற்றை உதறி விடுவித்தான். நான் ஏறி வந்ததும் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். வேலி ஓரம் போய் வாந்தி எடுத்தேன்.

அன்றிலிருந்து குக்கர் விசில் அடித்தாலே ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு உச்சி வெயிலிலேயே பேய் தெரிகிறது. போன வாரம் ஒரு மாட்டுக்காக இறங்கவேண்டி வந்தது. கிணற்று விளிம்பில் நின்று இடுப்பு முடிச்சை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன்.

"ஏனுங்ணா, இப்படி வேர்த்துக் கொட்டுது?" என்றான் தம்பி.

"வெயிலு, சாமி," என்றேன்.

மாட்டை எப்படியோ ஏற்றிவிட்டோம். அடுத்த முறை கீழே ஒரு மனுசன் கிடந்து, எனக்குக் கைகால் ஓடாமல் போனால்? இதுதான் என்னை அரிக்கிறது.

மறுநாள் பணி முடிந்து வந்து பகலில் படுத்தேன். யாரோ தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். மனைவி. அவள் முந்தானை என் கையில் இருந்தது.

"ரெண்டு தடவ இழுத்தீங்க," என்றாள்.

"அதுக்கு?"

"தூங்குறப்ப எல்லாம் இப்படித்தான் இழுக்கறீங்க. அந்தத் தம்பிகிட்டக் கேட்டேனுங்க. ரெண்டுன்னா தூக்கோணும்னு சொன்னாரு."

முந்தானையை விட்டேன். பிறகு, "பயமா இருக்குது," என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியுமுங்க. ஆபீசர்கிட்டச் சொல்லுங்க, ஒரு டாக்டரப் பாருங்க. ஊட்டுல இருந்துக்கிட்டு நான் எவ்வளவு ஆழத்துக்குத்தான் கயிறு உடறது?"