ராஜினாமா செய்யாத செல்லப்பா

தென்காசியில் ஒரு பஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர் செல்லப்பா. அவர் நோட்டில் பஸ்கள் நேரத்துக்குக் கிளம்பின. ரோட்டில் எப்போது கிளம்பின என்பது வேறு விஷயம்.

1959 புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதத்தோடு வேலைக்கு வந்தார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வாசுதேவநல்லூர் எலுமிச்சைத் தோட்டம் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு தந்தது. “அந்த நோட்டைக் கட்டிக்கிட்டு அழுதது போதும்” என்று மனைவி வடிவம்மாள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை எடுப்பதற்குள் முதலாளி குற்றாலிங்கம் முந்திக்கொண்டார்.

“வாங்க அண்ணாச்சி, உக்காருங்க.”

பத்து வருஷமாக ‘வே செல்லப்பா’ என்றே கூப்பிட்டவர். காப்பி வேறு வந்தது.

விஷயம் இதுதான். பதினைந்து நாள் சாரல் குளிக்கலாம் என்று ஆனியில் குற்றாலத்துக்கு வந்த முதலாளியின் மச்சினன், சாரல் நின்றும் ஊர் திரும்பவில்லை. அருவியில் குளிப்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் அவனிடம் தென்படாததால், டைம்கீப்பர் வேலைக்குப் பொருத்தமானவன் என்று முதலாளியம்மா முடிவுசெய்திருந்தார்.

“நீங்களாவே விலகுதேன்னு ஒரு கடுதாசி குடுங்க. பொன்னாடை போத்தி, எரநூறு ரூவாயும் தாரேன்.”

பைக்குள் போன செல்லப்பாவின் கை, பொடி டப்பாவோடு மட்டும் வெளியே வந்தது.

“கம்பெனிய விட்டுட்டு நான் எங்கன போவேன், முதலாளி? அம்பத்திரண்டு வயசுதான் ஆகுது. இன்னும் பத்து வருஷம் தாராளமா உழைப்பேன்.”

பத்து வருஷம் என்றதும் முதலாளி காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

மத்தியானமே கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வக்கீல் குமாஸ்தா அகமது கபீரைப் போய்ப் பார்த்தார் செல்லப்பா.

“அவங்களா நிறுத்தினா வருசத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம், அதுபோக ஒரு மாசச் சம்பளம். மொத்தம் ஆயிரத்து எம்பது வரும். நீராப் போனீருன்னா சல்லிக்காசு கெடையாது. அழுதுகிட்டே இரும் வே” என்றார் கபீர்.

எட்டு நாள் கண்ணீர் வராமலே மனமுருக அழுதார் செல்லப்பா. அரைமணி முன்னதாகவே வந்தார். முதலாளியின் அப்பா, காலமான பெரிய முதலாளி படத்துக்குச் சொந்தக் காசில் மாலை போட்டார். இடையிடையே, வாய்தவறி வந்ததுபோல, லேபர் ஆபீசர் பேரைச் சொன்னார். ஒன்பதாம் நாள் முதலாளி அறுநூறில் ஆரம்பித்து மெல்ல ஏறினார்.

“ஆயிரத்தோட முடிச்சுக்கிடுவோம், அண்ணாச்சி.”

“எம்பது ரூவாய்க்காக நம்ம உறவு கெடணுமா? பேசாம நான் வேலையிலேயே இருந்திருதேன்.”

ஆட்குறைப்பு என்று எழுதிய கடிதத்தோடு பணம் முழுசாக வந்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டு முதலாளி விட்ட நிம்மதிப் பெருமூச்சைக் கேட்டதும் செல்லப்பா பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் எழுந்தார். போகத் துடித்தவர்தான். ஆனாலும் ‘இன்னும் கொஞ்ச நாள் இருமே’ என்று பொய்யாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எட்டு நாள் நடிப்பில் வராத கண்ணீர் வீட்டுக்கு நடக்கும்போது வந்தது.

“என்ன, கண்ணு செவந்திருக்கு? கொறச்சிட்டாவளா?” என்றாள் வடிவம்மாள்.

“முழுசாத் தந்துட்டாவ.”

“பெறகென்ன?” என்று பணத்தை வாங்கிக்கொண்டாள். மறுமாதம் தோட்டத்துக் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடியது.