மீதிப் படம்

என் கணவரின் அக்கா எழுபது வயது தாண்டியும் சினிமா தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பசுமலையில் எங்களோடுதான் இருக்கிறார். படம் பார்க்கிற வீட்டில் ஜெபம் தங்காது என்பது அவர் கட்சி. நான் அவரை மதினி என்பேன், என் மகள் அத்தை என்பாள். என் கணவர் எதைக் கேட்டாலும் "அக்கா சொன்னா சரி" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே மனுஷன் இத்தனை வருஷக் குடித்தனத்தை ஓட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவரை நான் படத்துக்குக் கூட்டிப் போனேன் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. மகளுக்குச் சென்னையில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலும் கிடைத்துவிட்டது. மதினி ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "வாசலத் தாண்டுனா காலேஜு. இதை விட்டுட்டு மெட்ராஸுல என்ன இருக்கு?" அதற்குமேல் வீட்டில் யாரும் அதை எடுக்கவில்லை. மகள் அழவுமில்லை, கத்தவுமில்லை. எப்போதும்போல் காலையில் அத்தைக்கு இன்சுலின் ஊசி போடுவாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாள், பிறகு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கல்லூரியில் சேருவதற்கான கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. காலையில் சமைத்து வைத்துவிட்டுப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கே பஸ் மாறி, செல்லூரில் ஒரு துண்டு கம்பெனி ஆபீசுக்குப் போகிறேன். சாயங்காலம் அதே பஸ், அதே கம்பி, அதே கூட்டம். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக் குனிவதே ஒரு வேலையாகத் தெரியும். இதில் யாரோடு மல்லுக்கட்ட?

அந்தப் படத்தைப் பற்றி ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண்தான் சொன்னாள். ஒரு பெண், அவள் அம்மா, வீட்டில் ஒரு கிழவி. பெண் வெளியூர் போய்ப் படிக்க ஆசைப்படுகிறாள், கிழவி விடமாட்டேன் என்கிறாள். "செகண்ட் ஹாஃபுல அந்தக் கெழவியே பெட்டிய அடுக்கி பஸ் ஏத்தி விடும்க்கா. எனக்கு அழுகை நிக்கல" என்றாள். நான் சொல்ல வேண்டியதைப் படம் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. போதகரின் மனைவியும் அதைப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லியிருந்தது என் அதிர்ஷ்டம். மதினி அரை மனசாகக் கிளம்பினார்.

தியேட்டர் பைபாஸ் ரோட்டில். படி ஏறி முடிப்பதற்குள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை நின்றார். உட்கார்ந்ததும் கண்ணை மூடிச் சின்னதாக ஜெபித்தார். ஆனால் படம் தொடங்கியதும் அப்படியே அதில் விழுந்துவிட்டார். திரையில் கிழவி அந்தப் பெண்ணை அதட்டும்போதெல்லாம் "சரியாத்தான சொல்றா" என்று தலையாட்டினார். ஆட்டுங்கள் மதினி, இன்னும் பாதிப் படம் இருக்கிறது என்று நான் காத்திருந்தேன்.

இடைவேளை விட்டார்கள். மகள் பாப்கார்ன் வாங்கப் போனாள். நான் பாத்ரூம் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தால் மதினியின் சீட் காலி.

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அவர் உடனே எழ மாட்டார். தலை குனிந்து ஒரு ஜெபம் செய்துவிட்டுத்தான் வெளியே வருவார். விளக்கு எரிந்ததும் இங்கேயும் அதையே செய்திருக்கிறார். திரையில் இடைவேளை என்று போட்டதைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜனங்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், அவரும் போய்விட்டார். பதறிக்கொண்டு இறங்கினால் வாசலில் ஓர் ஆட்டோவுக்குள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

"எம்புட்டு நேரம்? ஆட்டோக்கார அண்ணே காத்துக்கிட்டு இருக்காரு பாரு. படம் நல்லாத்தான் இருந்துச்சு, சட்டுன்னு முடிச்சுட்டாங்க."

"இன்னும் பாதி இருக்கு மதினி."

"அம்புட்டுப் படியும் திரும்ப ஏறவா? என்னால ஆகாது. நீங்க வேணாப் பாத்துட்டு வாங்க, நான் போறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் ஆட்டோவில் ஏறினேன். மகளும் பாப்கார்னோடு ஏறிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் மதினி கேட்டார். "மீதியில என்னதான் ஆகுதாம்?"

"நான் சொல்றேன் அத்தை" என்றாள் மகள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பிரண்ட்ஸோட ஏற்கெனவே பாத்துட்டேன். கொயர் பிராக்டிஸ்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னைக்கு."

மதினி முறைத்தார். "அதை வீட்டுல போய் வச்சுக்கிறேன். இப்பக் கதையச் சொல்லு."

மகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பொண்ணு பெட்டியெல்லாம் கட்டிருவா. கெளம்புற அன்னைக்கு அவங்க அம்மா அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே தூங்குறதப் பாப்பா. பால் பொங்கி வழியும், அம்மாவுக்குத் தெரியாது. அவ அடுப்ப அணைச்சுட்டு வந்து, பெட்டியப் பிரிச்சுத் துணியெல்லாம் திரும்ப பீரோவுல வச்சிருவா. அவ்வளவுதான் அத்தை."

"நல்ல பிள்ளை" என்றார் மதினி.

போன வாரம் பால் பொங்கி வழிந்தது எங்கள் வீட்டு அடுப்பில். தூங்கிக்கொண்டு நின்றது நான்.

உள்ளபடியே சொல்கிறேன், முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் இங்கேயே இருப்பாள், ஊசி போடுவாள், நான் சாயங்காலம் வந்து விழும்போது ஒரு டீ கிடைக்கும். அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. அவளைப் பிடித்து வைத்திருந்தது மதினி மட்டுமில்லை. போ என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பிள்ளை அதற்காகக் காத்திருந்திருக்கிறாள், வராது என்று தெரிந்ததும் தானே ஒரு முடிவைச் செய்து எங்களுக்குக் கதையாகச் சொல்கிறாள்.

"இல்ல மதினி, இவ பொய் சொல்றா" என்றேன். "அந்தப் பொண்ணு போயிருவா."

மகள் திரும்பினாள். "நீ பாக்கலையேம்மா."

"ஆபீசுல கேட்டேன். கெழவிதான் பெட்டிய அடுக்கி பஸ் ஏத்தி விடுது. அவ போவா. போகணும்."

ஆட்டோச் சத்தத்துக்கு மேல் கத்தியிருக்கிறேன் போல, டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பழங்காநத்தம் தாண்டியதும் மதினி, வெளியே பார்த்தபடியே, "அப்ப அந்தக் கெழவிக்கு ஊசி யாரு போடுவா?" என்றார்.

நாங்கள் பார்த்த வரை படத்தில் ஊசியே கிடையாது.

"அந்த அம்மாக்காரி போடுவா" என்றேன்.

"அவளுக்குத்தான் நின்ன எடத்துல தூக்கம் வருதே."

"உக்காந்து போடுவா."

மகள் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. வீட்டுக்கு வந்ததும் மதினி சேலையைக்கூட மாற்றாமல், பரண்மேல் இருக்கிற பெரிய பெட்டியை இறக்கித் துடைக்கச் சொன்னார். அதுதான் அவருடைய சம்மதம். கொயர் பிராக்டிஸ் விஷயத்துக்கு மட்டும் மகள் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவள் ரயிலேறிய மறுநாள் காலை நான் ஊசியை எடுத்துக்கொண்டு மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன். செய்முறையெல்லாம் மகள் சொல்லித் தந்திருந்தாள். மதினி வயிற்றுப் பக்கம் சேலையை விலக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். குத்தினேன். அவருக்கு வலித்தது, எனக்குத் தெரிந்தது.

"உன் மக கை மாதிரி வராது" என்றார்.

"வராது மதினி" என்றேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.