கொதிக்கக் கூடாத பால்

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கோப்பிக் கடையில் இரண்டு வருடம் மெஷினில் நின்று கோப்பி போட்டேன். அந்த இரண்டு வருடத்திலும் நான் அதிகம் கேட்ட வசனம், "பிள்ளை, சூடு காணாது." வயதானவர்கள் எல்லோரும் இதையே சொன்னார்கள். அவர்கள் வீட்டில் பால் என்றால் பொங்கி எழ வேண்டும். எங்கள் கடையிலோ பாலைக் கொதிக்க விடக் கூடாது. சில்வர் ஜக்கில் பாலை விட்டு, ஆவிக்குழாயை உள்ளே வைத்து, உள்ளங்கையை ஜக்கோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். இனிக் கை தாங்காது என்னும் இடத்தில் ஆவியை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பாலின் ருசி கெட்டுவிடும். சத்தமும் மாறும். அதுவரை சீலை கிழிவது போலக் கேட்டது, பிறகு உறுமலாகிவிடும். இதையெல்லாம் முதலில் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். பிறகு எரிச்சலோடு விளங்கப்படுத்தினேன். கடைசியில் வாயை மூடிக்கொண்டு இன்னொரு தரம் சூடாக்கிக் கொடுத்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது எங்கள் வீட்டுச் சொத்து. அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டவன் அண்ணன். அவன் சுன்னாகம் பக்கம் வெங்காயத் தோட்டம் செய்கிறான். அப்பா செத்த பிறகு வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். விளக்குமாறு, தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், ஒரு தரம் சைக்கிள் பம்ப் என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு என்னை அடித்தான். ஒன்றும் அகப்படாவிட்டால் கையே போதும். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டால், "கிணத்தடியிலை வழுக்கிப்போட்டுது" என்பேன். அம்மா சொல்லித் தந்த பதில் அது. எங்கள் கிணற்றடியில் நான் விழுந்த அளவுக்கு ஊரில் வேறு யாரும் விழுந்திருக்கமாட்டார்கள்.

கோப்பிக் கடை வேலையையும் அவன் விரும்பவில்லை. காசாளர் வேலை என்று அம்மா பொய் சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் நான் கோப்பி நுரையில் இலை வரைவதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதன் கீழே நாலு பேர் ஊத்தையாக எழுதினார்கள். எழுதியவர்களை அண்ணன் தேடிப் போகவில்லை. என்னைத் தேடி வந்தான்.

காலை பத்து மணி இருக்கும். ஐந்தாறு பேர் கடையில் இருந்தார்கள். காலில் தோட்டத்து மண்ணோடு அவன் நேராக மெஷினடிக்கு வந்தான்.

"உங்கை நிண்டு ஆருக்கடி சிரிக்கிறாய்?"

"வேலை செய்யிறன் அண்ணை. பிறகு கதைப்பம்."

"வீட்டை நட."

"வரமாட்டன்."

முதல் அடியில் காது இரைந்தது. இரண்டாவதில் பல் உதட்டைக் கிழித்தது. அப்போதுதான் ஊற்றி வைத்திருந்த கோப்பியில், வெள்ளை நுரையின் மேல் இரத்தம் விழுந்தது. பின்னலைப் பிடித்து இழுத்து என் நெற்றியை மெஷினில் மோதினான். மேலே அடுக்கியிருந்த கோப்பைகள் விழுந்து உடைந்தன. இன்னொரு தரம் மோதினான். ஒருவர் கதிரையை விட்டு எழும்பாமலே, "தம்பி, விடும்" என்றார். இன்னொருவர் போனைத் தூக்கிப் பிடித்தார். முதலாளி உள்ளிருந்து ஓடி வந்து, "தம்பி, வெளியிலை வைச்சுக் கதையும்" என்றார். வெளியில் என்றால் அடிக்கலாம் போலும். அண்ணனுடைய அடியைவிட அந்த வார்த்தைதான் எனக்கு அதிகம் நொந்தது.

அண்ணன் பின்னலை விட்டான். மூச்சு வாங்கியது அவனுக்கு. வலது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, "இப்ப வாறியோ, இல்லையோ?" என்றான்.

ஜக்கில் பால் இருந்தது. அதை எடுத்து ஆவிக்குழாயின் கீழே பிடித்து, ஆவியைத் திறந்தேன். கடைசிக் கோப்பியைப் போட்டுவிட்டு வருவேன் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். நான் அவனைப் பார்த்தபடி நின்றேன். உள்ளங்கை சுட்டது. இனித் தாங்காது என்னும் இடம் வந்தது. ஆவியை நிறுத்தவில்லை, கையை மட்டும் எடுத்துக்கொண்டேன். சத்தம் மாறியது. பால் உறுமியது, பொங்கி மேலே வந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் விட்டேன்.

பிறகு அவனுடைய கையில் ஊற்றினேன். முகத்தில் ஊற்றவில்லை. அது இரக்கம் இல்லை. என்னை அடித்தது கை.

அவன் மாடு மாதிரிக் கத்தினான். தோல் வெளுத்துச் சுருண்டது. கையை உதறி உதறி நிலத்தில் விழுந்து, உடைந்த கோப்பைகளுக்கு மேலே புரண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? கொஞ்ச நேரம்தான், ஆனால் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் முழங்கை வரை கட்டோடு படுத்திருந்தான். வாசலிலேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொலிஸ் வரப்போகுது. கோப்பிக் கடைப் பால் கொதிச்சபடிதானே இருக்கும். கை தட்டுப்பட்டுக் கொட்டுண்டது எண்டு சொல்லு. உன்ரை வாய்க்கு, கிணத்தடியிலை விழுந்தனான் எண்டு சொல்லு. கொண்ணன் ஓம் எண்டிட்டான். இனி உன்னை வேலைக்குப் போக விடுவானாம். கடையிலை நிண்டவை ஒருத்தரும் வாய் திறக்காயினம், போனிலை எடுத்ததையும் முதலாளி அழிப்பிச்சுப்போட்டார். அவரும் உன்னை வரச் சொல்லுறார்."

ஓட்டையே இல்லாத பொய். கடைப் பால் கொதிப்பதில்லை என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அந்த வேலை வேண்டும். வாழ்க்கையில் நான் திறமாகச் செய்தது அது ஒன்றைத்தான். காலையில் மெஷின் சூடாகும் சத்தத்தைக் கேட்டால்தான் எனக்கு நான் ஒரு ஆள் என்று தோன்றும். ஒரு பொய்யோடு அதெல்லாம் திரும்பக் கிடைத்துவிடும்.

பெண் பொலிஸ் ஒருவர் கட்டிலடிக்கு வந்து குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தார். முதலில் என் உதட்டைத்தான் பார்த்தார். "இது என்ன?"

கிணற்றடி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அண்ணை அடிச்சவர்."

"பால் எப்பிடிக் கொட்டினது?"

அவனுடைய அடியைச் சொல்லிவிட்டு என்னுடையதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"கொட்டுப்படேல்லை. கடையிலை நாங்கள் பாலைக் கொதிக்க விடுறேல்லை. நான்தான் கொதிக்க வைச்சு ஊத்தினனான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பதிலோடு என் வேலை போனது. பொலிஸ், வழக்கு என்று வந்த பிறகு இனி வரவேண்டாம் என்று முதலாளி போனில் சொன்னார். இன்னொரு மெஷினுக்கு முன்னால் நிற்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

அன்று பெண் பொலிஸ் எழுதி முடித்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார். அவன் மறுப்பான், கத்துவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "என்னைப் பாத்துக்கொண்டுதான் சூடாக்கினவள். ஊத்தமாட்டாள் எண்டு நினைச்சுத்தான் கையை எடுக்காமல் நிண்டனான்."

நானும் ஊற்றமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.