ஒருக்களித்த கதவு

எங்கள் வாத்தியாரை ஊரைவிட்டு அனுப்பியவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அதை ஒரு சாக்காகச் சொல்லப்போவதில்லை.

திருப்பூரில் எங்கள் நெசவுத் தெருவில் வீட்டுப் பேச்சு கன்னடம். கடைவீதியிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ். தெருவிலிருந்து முதன்முதலாக வாத்தியார் வேலைக்குப் போனவர் அவர். வழியில் எதிர்ப்பட்டாலும் எங்களிடம் தமிழில்தான் பேசுவார். ஒன்றாம் வகுப்பில் புதுப் பிள்ளைகள் சேரும்போது மட்டும் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வார். உள்ளே எங்கள் வீட்டுப் பேச்சான கன்னடம் கேட்கும். அம்மன் பண்டிகையில் கத்தி வீசி ஆடுகிறவர்களின் மெட்டில் எண்களைப் பாடவைத்து, பிறகு அதையே தமிழில் சொல்லவைப்பார். சித்தப்பா மகளும் அந்த வகுப்பில்தான் இருந்தாள்.

ஐந்தாம் வகுப்பிலிருந்த எனக்கு அந்தக் கதவைக் கண்டாலே கூச்சம். "ஏனுங்க கன்னடத்துச் சாமி, கணக்குக்கும் கத்தி போடுவீங்களா?" என்று பனியன் கம்பெனி முதலாளி மகன் கேலி செய்வான்.

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்த அன்று எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். சித்தப்பா மகளிடம் மாட்டின் படத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். அவள் விழித்தாள். யாரும் கேட்காமலே நான் எழுந்தேன்.

"அவளுக்குத் தமிழ் வராதுங்க. வாத்தியாரு கதவைச் சாத்திக்கிட்டுக் கன்னடத்துலதானுங்க சொல்லிக் குடுப்பாரு."

"நீ நல்லாப் பேசற கண்ணு" என்று முதுகில் தட்டினார் இன்ஸ்பெக்டர். வாத்தியாரிடம் திரும்பி, "எதுக்குங்க உங்களுக்குச் சம்பளம்?" என்றார். வாத்தியார் என்னைப் பார்த்தார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சீக்கிரமே அவருக்குக் கணியூருக்கு மாற்றல் வந்தது. புது வாத்தியார் நல்லவர்தான். ஆனால் எங்கள் பேச்சு அறியாதவர். சித்தப்பா மகள் பள்ளிக்கூடம் என்றாலே அழுதாள். கையைப் பிடித்து அழைத்துப்போய், என் வகுப்பை விட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கிசுகிசுப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பில் பேசியதற்காக இருவரும் அடி வாங்கினோம். பொங்கலுக்குப் பிறகு அவள் வீட்டில் தறிக்கு நூல் சுற்ற உட்கார்ந்துவிட்டாள். அவள் படிப்பு அதோடு சரி.

கல்லூரி முடித்ததும் கணியூருக்குப் போனேன். எங்கள் பேச்சிலேயே மன்னிப்புக் கேட்டேன். அதுதான் மரியாதை என்று எண்ணியிருந்தேன். வாத்தியார் சட்டென்று வாசலைப் பார்த்தார். அன்று கூடத்தில் பார்த்த அதே பார்வை. அது கோபமல்ல, பயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க, காபி சாப்பிடுங்க" என்றார் தமிழில்.

காபி கொண்டுவந்த மகன், "இவரு என்னங்கப்பா பேசறாரு? எனக்கு ஒண்ணுமே புரியலீங்க" என்றான்.

"உனக்கு வேண்டாங் கண்ணு. நீ போய்ப் படி."

பையன் போனதும் வாத்தியார் எழுந்து, ஒருக்களித்திருந்த வாசற்கதவை அகலத் திறந்துவைத்தார்.