எண்பத்தொரு படங்கு

ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை 8.10. பூண்டுலோயா டவுனில் சாரல், பனிமூட்டம். என் மருமகனின் தையல் கடை வாசலில் முப்பத்தெட்டுப் பெண்கள் குடையோடு நிற்கிறார்கள். எண்ணினேன். எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.

"பாத்தீங்களா மாமா... நீங்கதான் சும்மா பயந்தீங்க" என்றார் மருமகன் ரவி.

பயப்படாமல்? முதல் போட்டது என் வலது கண் ஆப்பரேஷனுக்கு வைத்திருந்த காசு.

சரக்கு என்ன? படங்கு. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கும் அட்டைக் கடிக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. பெரும்பாலும் பழைய உரச் சாக்கு, இல்லையென்றால் கிழிந்த பொலித்தீன். ரவி புதிதாக ஒன்று தைத்தார் — நனையாத துணி, அகல நாடா, போனுக்கு ஒரு பை. நல்ல பொருள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

நுவரெலியாவில் ஏதோ தொழில் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். "முதல்ல சந்தைக்கு என்ன தேவைன்னு கேட்டு எழுதணும் மாமா. அப்புறம்தான் தைக்கணும்."

நியாயமான பேச்சு. அச்சடித்த பேப்பரோடு தோட்டக் குடியிருப்புகளுக்கு, லயம் லயமாகப் போனார். வேணுமா? என்ன நிறம்? என்ன அளவு? அறுபத்து நான்கு வீட்டிலும் 'வேணும்'. சில வீட்டில் இரண்டு; மொத்தம் எண்பத்தொன்று. ஒருத்தி, கொழும்பில் வீட்டு வேலை செய்யும் மகளுக்கும் சேர்த்து அளவு கொடுத்திருந்தாள்.

கொழும்பில் எந்தத் தேயிலை மலை இருக்கிறது என்று கேட்டேன். "தேவை கூடுது மாமா" என்றார்.

கடையைத் திறந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற ராக்கம்மா ஒரு காகிதத்தை நீட்டினாள். அடையாள அட்டையின் போட்டோ கொப்பி.

"இது எதுக்கு அக்கா?"

"அட்டக் கொப்பி இல்லாம யாரு தம்பி சாமான் குடுக்குறா? கையெழுத்தும் வைக்கணுமா?"

"அக்கா... ஒண்ணு ரெண்டாயிரத்து நானூறு."

 பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"காசுக்கா? அப்ப பேரெல்லாம் எதுக்கு எழுதினீங்க? கம்பளி குடுத்தவங்களும் இப்பிடித்தான் எழுதிட்டுப் போனாங்க. தண்ணி பில்டர் குடுத்தவங்களும்."

"வேணும்னு சொன்னீங்களே."

"இப்பவும் வேணும்தான். அதுக்காக ரெண்டு நாள் சம்பளத்த இடுப்புல கட்டிக்கிட்டா கொழுந்து எடுக்குறது?"

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் லயங்களுக்குப் பேப்பரோடு வருகிறவர்கள் சும்மா கொடுக்கிறவர்கள். விற்கிறவன் மூட்டையோடு வருவான், விலை சொல்வான், தவணை பேசுவான். பேர் எழுதி, அளவு எடுத்து, விலையை மட்டும் கேட்காமல் வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? என்ன வேணும் என்று கேட்டவர்களுக்குக் குறைவில்லை. எவ்வளவு கொடுக்க முடியும் என்று இவர்களை வாங்குகிறவர்களாக மதித்துக் கேட்டவர் யார்? ரவியின் பேப்பரிலும் அந்தக் கேள்வி இல்லை... பயிற்சியில் சொல்லவில்லையாம்.

எட்டே முக்காலுக்கு வாசல் காலி. பிறகு இரண்டு விற்றது — ஓர் ஆட்டோக்காரர் சீட்டுக்கு மேல் போட வாங்கினார். மீதி எழுபத்தொன்பதும் என் கட்டிலுக்கடியில். இடது கண்ணால் பார்த்தே எண்ணிவிடுகிறேன்.

தைக்கச் செலவு 166,050. விற்ற இரண்டுக்கு வந்தது 4,800. என் வலது கண்ணிலிருந்து போனது ரூபா 161,250 — அந்தப் பெண்கள் போட்டோ கொப்பிக்குக் கொடுத்தது இதில் சேராது.