தம்பி பிராக்கில் இருந்த வாரம்

பிராக் நகரத்தின் அந்தப் பழைய கடிகாரத்தை என் நாத்தனாரின் போனில்தான் பார்த்தேன். மணி அடித்ததும் மேலே இரண்டு சின்னக் கதவுகள் திறக்கின்றன. உள்ளே பொம்மைகள் வரிசையாகப் போகின்றன. கீழே ஒரு கூட்டமே அண்ணாந்து நிற்கிறது. அதற்கு முன்னால் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன் என் தம்பி.

"கம்பெனியில லீவே தரலேன்னீங்களே அண்ணி. லீவு கெடைக்காதவரு எங்கிட்டுப் போயி நிக்கிறாரு பாருங்க" என்றாள் நாத்தனார்.

என் போனில் அவன் ஸ்டேட்டஸ் இல்லை. எனக்கு மட்டும் மறைத்தவன், நாத்தனாரை மறந்துவிட்டான்.

தம்பிக்கு தோஹாவில் வேலை. என் மகளுக்கு மூன்று வயது நடக்கிறது. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள், அதுவும் தாய்மாமன் மடியில் வைத்து. முதல் வயதில் அவன் வர முடியாமல் தள்ளிப்போனது. இந்த ஆவணியில் நாள் பார்த்தோம். லீவு இல்லை என்றான். தை மாதத்துக்கு மாற்றினோம்.

"கறம்பக்குடியில ஒன் பெரியம்மா மகன் இருக்கான்ல, அவனும் மாமன்தான?" என்று மாமியார் கேட்டபோது, "கூடப் பொறந்தவன் இருக்கும்போது எதுக்கு அத்தை?" என்று சொன்னவள் நான்தான்.

மற்ற வீடியோக்களையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கல் சிலைகள் நிற்கும் பாலம், மேட்டில் அரண்மனை, ஆற்றில் படகு. கம்பெனி வேலையாகப் போயிருப்பானோ, நான்தான் அவசரப்படுகிறேனோ என்று ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் தேடினேன். படகில் பக்கத்திலிருந்தவனிடம், "பத்து நாள் லீவும் இங்கதான் மாப்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தான். காது குத்துவதாக முதலில் வைத்திருந்த அதே வாரம்.

போன் செய்தேன்.

"ஊருக்கு வந்தா வீடு வீடாப் போயி தலையக் காட்டவே பத்து நாளும் சரியாப் போயிரும்க்கா. எனக்குன்னு ஒரு லீவு வேணும்ல?"

"அத என்கிட்ட சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா நீ விடுவியா? மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். தைக்கும் முடியாது, லீவு தீந்துருச்சு. அடுத்த வருசம் வச்சுக்குவோம்."

அடுத்த வருடம் அவளுக்கு நாலு. அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

என் கணவர் தோசை தின்றுகொண்டிருந்தார். கேட்டதற்கு, "தெரிஞ்சா நீ அழுவேன்னுதான் சொல்லல" என்றார். தைக்குத் தம்பி வருவான் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் அவனை ரொம்ப நெருக்கிவிட்டேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கலாம். ஆனாலும் மாமியாரிடம் போய், பெரியம்மா மகனையே கூப்பிடலாம் என்றேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, காலண்டரை எடுத்துவந்தார். அதுதான் எனக்குக் கூசியது.

கார்த்திகையில் குலதெய்வக் கோயிலில் காது குத்தினோம். பெரியம்மா மகன் மாலையும் பட்டுப்பாவாடையுமாக விடியுமுன்னே வந்து நின்றான். "கடைக்கு நான்தான மொதலாளி. நானே எனக்கு லீவு குடுத்துக்கிட்டேன்" என்று என் மகளைத் தூக்கி மடியில் வைத்தான். ஆசாரி முதல் காதைத் தொட்டதுமே அவள் வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் தம்பி போன் செய்தான். "புள்ள ரொம்ப அழுதுச்சாக்கா?"

"இல்ல" என்றேன்.

அந்த அழுகையில் அவனுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.