எங்கள் அறையில் பரவிய கீரிப்பூச்சி

மலாயாவில் லூபோக் சீனா அருகே, காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று அரசாங்கம் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயங்களை முள்கம்பி வேலிக்குள் மாற்றியதும் ஓர் அறைக்கு இரண்டு குடும்பங்கள் ஆனோம். என் மகள் செல்வி பின்பக்கம் சொறிந்து சொறிந்து மெலிந்தாள். குடலில் கீரிப்பூச்சி என்று மருந்து கொடுத்த தோட்ட ஆஸ்பத்திரி டிரசர், "அறையில உள்ள எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே நாள்ல குடுக்கணும்லா" என்றார்.

கூச்சத்தை விட்டு, உடன் வசிக்கும் முனியம்மாவிடம் சொன்னேன்.

"எங்க பிள்ளைங்களுக்குப் பூச்சியா? உங்க பாயை வெளிய போடுங்கண்ணே!"

வாதாடத் தெரியாமல் செல்விக்கு மட்டும் கொடுத்தேன். குணமானாள், அடுத்த மாதமே மறுபடி சொறிந்தாள். முனியம்மாவின் மகனும் சொறிந்தான். "மருந்து மிச்சம் இருக்கா, அண்ணே?" என்று அவள் கேட்டபோது டிரசரிடமே தீர்ந்திருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் பூச்சி முட்டை நகத்தில் ஒட்டாதிருக்க, இரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் நானே நகம் வெட்டுகிறேன். பூச்சி போகவில்லை. யார் பிள்ளையிடமிருந்து வந்தது என்று மட்டும் எங்கள் அறையில் யாரும் கேட்பதில்லை.